லோடு வண்டியில டொக் டொக் சத்தம்: என்ஜினை இறக்கறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது

கேள்வி சுருக்கமா இதுதான். உடுமலையில இருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளியும், வெயில் காலத்துல பண்ணாரி, திம்பம் ஏறி மைசூருக்கு இளநீரும் ஓட்டற டீசல் பிக்கப். காமன் ரெயில் என்ஜின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயில இருந்து டீசல் போறது). நாலு சிலிண்டர், 1,80,000 கி.மீ. ஓடினது. காலி வண்டி வேகத்தடையில இறங்கினா ‘டொக்’, லோடோட மேட்டுல கியர் மாத்தி கிளட்ச் விட்டா ‘கட்’, நின்ன இடத்துல ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் ‘டக் டக்’. ஒரு பட்டறையில என்ஜினை இறக்கணும்கறாங்க, இன்னொண்ணுல நாலு இன்ஜெக்டரையும் (சிலிண்டருக்குள்ள டீசல் தெளிக்கற பாகம்) மாத்தச் சொல்றாங்க. எதைக் கேக்கறது?

இப்போதைக்கு ரெண்டையும் நிறுத்தி வைங்க. நீங்க எழுதினதைப் படிச்சா சத்தம் ஒண்ணு இல்லீங்க, மூணு. நின்ன இடத்துல கேக்கற சத்தம் என்ஜின் பக்கத்தோடது. வேகத்தடையில கேக்கறது பட்டை (ஆக்ஸிலைத் தாங்கற ஸ்பிரிங் தகடு), புஷ் (இணைப்புகள்ல இருக்கற ரப்பர் வளையம்), பாடி பக்கத்தோடது. கிளட்ச் விடறப்ப வர்ற ‘கட்’ ஷாப்ட் (ப்ரொபெல்லர் ஷாப்ட், கியர்பாக்ஸ் சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோற தண்டு) பக்கத்தோடது. மூணையும் ஒரே நோயா நினைச்சு வைத்தியம் பண்ணினா, நாலு இன்ஜெக்டர் மாத்தின பிறகும் வேகத்தடையில சத்தம் வரும். ‘அப்ப என்ஜின்தான்’னு அதையும் பிரிப்பாங்க. தனித்தனியா பிரிச்சுப் பார்த்தா மூணுல ரெண்டு சின்ன வேலையா முடியவே வாய்ப்பு அதிகம்.

முதல்ல ஆயில். சமதரையில நிறுத்தி, என்ஜினை அணைச்சுப் பத்து நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக் பாருங்க. குறைஞ்சிருந்தா நிரப்பிட்டுத்தான் மத்த சோதனை. மேல் கோட்டையும் தாண்டி, மோந்து பார்த்தா டீசல் வாடை அடிச்சா, பெரும்பாலும் இன்ஜெக்டர் ஏதோ ஒண்ணு ஒழுகி டீசல் கீழ இறங்குதுனு அர்த்தம். அப்படி மெலிஞ்ச ஆயில்தான் பேரிங்கைத் தின்னும். ஒரு பட்டறை இன்ஜெக்டர்னும் இன்னொண்ணு என்ஜின்னும் சொல்றப்ப ரெண்டு பேரும் பாதி பாதி சரியா இருக்கக்கூடிய ஒரே இடம் இதுதான், அதனால மறக்காம மோந்து பாருங்க.

சூடான என்ஜின்ல அடிவயித்துல இருந்து ‘டொங் டொங்’னு கனமா அடிச்சு, கூடவே ஆயில் லைட்டும் மினுக்கினா, அந்த இடத்துலயே அணைச்சிருங்க. வண்டியைக் கட்டி இழுத்துட்டுத்தான் போகணும். பட்டறை பக்கத்துலதானேன்னு ஓட்டினா கனெக்டிங் ராடு (பிஸ்டனை, அடியில சுத்தற கிராங்க் தண்டோட இணைக்கறது) உடைஞ்சு பிளாக்கைக் குத்திட்டு வெளிய வந்துரும். பேரிங்கோட முடியற வேலை பிளாக் வரைக்கும் போயிரும்.

அந்த நிலைமை இல்லைன்னா, காலி ரோட்டுல கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டை நிறுத்திட்டு, இப்படிப் பிரிச்சுக் கேளுங்க. நியூட்ரல்ல நின்னபடி மெதுவா 2,500 ஆர்.பி.எம். வரைக்கும் ஏத்துங்க, வர்ற சத்தம் முழுக்க என்ஜின், கிளட்ச், பெல்ட் சமாச்சாரம். அடுத்து 20 கி.மீ. வேகத்துல நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியை உருள விடுங்க. என்ஜின் ஓடிட்டே இருக்கட்டும், அணைச்சா பவர் ஸ்டியரிங்கும் பிரேக் வேக்குவமும் போயிரும். உருளறப்பவும் தாளம் தொடர்ந்தா சக்கரம், ஷாப்ட், ஹவுசிங் (பின் ஆக்ஸில் நடுவுல இருக்கற பல்சக்கரப் பெட்டி) பக்கம்.

தாளத்தை எண்ணினா இன்னும் நெருங்கலாம். இந்த மாதிரி வண்டி டயர் ஏறத்தாழ 70 செ.மீ. விட்டம், ஒரு சுத்துக்கு 2.2 மீட்டர். 10 கி.மீ. வேகத்துல நொடிக்கு 2.8 மீட்டர் போறதால சக்கரம் நொடிக்கு ஒரு சுத்துக்குக் கொஞ்சம் மேல சுத்தும். ப்ரொபெல்லர் ஷாப்ட் அதைவிட நாலு மடங்குக்கு மேல. அதனால ‘டொக்… டொக்…’னு நிதானமா எண்ண முடிஞ்சா சக்கரம், டிரம், கிரவுன் (ஹவுசிங்குள்ள இருக்கற பெரிய பல்சக்கரம்) பல், எண்ண முடியாம ‘டகடக’ன்னு ஓடினா ஷாப்ட், கிராஸ் (ஷாப்ட் முனையில மடங்கற இணைப்பு), பினியன் (கிரவுனை ஓட்டற சின்னப் பல்சக்கரம்). சக்கரத் தாளமா இருந்தா வீல் நட்டை முதல்ல பாருங்க. பஞ்சர் ஒட்டின பிறகு வந்த சத்தம்னா பெரும்பாலும் அதுதான், நட்டு ஓட்டையைச் சுத்தித் துருக்கோடு ஓடியிருக்கும்.

இனி என்ஜின். பிரிக்காம பண்ணக்கூடிய சோதனை நிறைய இருக்குங்க.

பெல்ட்டைக் கழட்டிட்டு அரை நிமிஷம் ஸ்டார்ட் பண்ணுங்க. வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்ல ஓடும், அதனால அரை நிமிஷத்துக்கு மேல வேண்டாம். சத்தம் நின்னா ஆல்டர்னேட்டர், ஏ.சி. கம்ப்ரஸர், டென்ஷனர்ல தேடுங்க. பல டீசல் வண்டியில ஆல்டர்னேட்டர் முதுகுலயே வேக்குவம் பம்ப் இருக்கும். அது தேய்ஞ்சா வர்ற ‘டக் டக்’கை என்ஜின் தட்டறதுன்னு நினைச்சவங்க நிறைய. கிராங்க் புல்லியையும் விடாதீங்க. உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவுல இருக்கற ரப்பர் விட்டுப்போனா பேரிங் தட்டற மாதிரியே அடிக்கும். சாக்பீஸால ரெண்டு வளையத்துக்கும் குறுக்க ஒரு கோடு போட்டு, ஒரு டிரிப் ஓட்டிட்டுப் பாருங்க. கோடு விலகியிருந்தா புல்லி போச்சு.

நியூட்ரல்ல கிளட்சை மிதிச்சதும் சத்தம் மாறினா கிளட்ச் பிளேட் ஸ்பிரிங், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங். மிதிக்கறப்ப ‘டொக்’னு ஒரு தடவை கேட்டா கிராங்க் முன்னும் பின்னும் நகருது, அதைத் தடுக்கற திரஸ்ட் வாஷரைப் பார்க்கணும்.

அடுத்து எந்த சிலிண்டர்னு கண்டுபிடிக்கறது. பழைய மெக்கானிக்கல் பம்ப் என்ஜின்ல ஸ்லோல (ஆக்சிலேட்டர் மிதிக்காம) ஓடறப்ப இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொண்ணா லூஸ் பண்ணிப் பார்ப்பாங்க. காமன் ரெயில்ல அதைக் கையால கூடத் தொடாதீங்க. லைன்ல 1,000 பாருக்கு மேல அழுத்தம் ஏறும். அந்த டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிரும், விரலையே எடுக்க வேண்டி வரும். ஸ்கேனர்ல சிலிண்டர் கட்-ஆஃப் பண்ணுங்க. ஸ்கேனர் இல்லைன்னா சாவியை அணைச்சு, ஒரு நிமிஷம் விட்டு, ஒரு இன்ஜெக்டரோட கனெக்டரைக் கழட்டிட்டு ஸ்டார்ட் பண்ணலாம். செக் லைட் எரியும், அப்புறமா அழிச்சுக்கலாம்.

ஒரு சிலிண்டரை நிறுத்தினதும் சத்தம் போச்சுன்னா உடனே ‘அந்த இன்ஜெக்டர்’னு முடிவு கட்டிராதீங்க. இங்கதான் நிறையப் பேருக்குப் பணம் போகுது. அந்தச் சிலிண்டர்ல டீசல் வெடிக்கறது நின்னுட்டா ராடு பேரிங் மேல விழற அடியும் நின்னுரும், அதனால சத்தம் குறையத்தான் செய்யும். இந்தச் சோதனை எந்த சிலிண்டர்னு சொல்லும், எந்த பாகம்னு சொல்லாது. பாகத்தைப் பிரிக்க இதுகளைப் பாருங்க:

இன்ஜெக்டர் தட்டினா சத்தம் கூர்மையா, கல்லுல உளி பட்ட மாதிரி ‘கணீர்’னு மேல இருந்து வரும். கூடவே புகை, ஸ்லோல தடுமாற்றம் இருக்கும், ஆயில் பிரஷர் ஒழுங்கா இருக்கும். ராடு பேரிங் கனமா, கீழ இருந்து வரும். காலையில முதல் ஸ்டார்ட்ல அமைதியா இருந்து, என்ஜின் நல்லா சூடாகி ஆயில் மெலிஞ்ச பிறகு கூடும். ஆக்சிலேட்டரை ஏத்தி, ‘பொசுக்’னு காலை எடுக்கற அந்த நொடியில தெளிவாக் கேக்கும். இதுக்கு நேர்மாறா, காலையில அடிச்சு சூடானதும் அடங்கினா பிஸ்டன் ஸ்லாப் (பிஸ்டன் சிலிண்டர் சுவர்ல தட்டறது). அதுக்கு அவசரமில்லை, ஆயில் குடிக்காத வரைக்கும் ஓட்டலாம். நீள ஸ்க்ரூ டிரைவரோட நுனியை சிலிண்டர் ஹெட்டுலயும், அப்புறம் ஆயில் சம்ப்புலயும் (என்ஜின் அடியில இருக்கற ஆயில் தொட்டி) வெச்சு, பிடியைக் காதுல அழுத்திக் கேளுங்க. எங்க அதிகம்னு உங்களுக்கே தெரியும். ஃபேன் பக்கம் துண்டு, சட்டை நுனி தொங்காம பார்த்துக்கங்க.

இன்ஜெக்டர் மேலதான் சந்தேகம்னா லீக்-ஆஃப் சோதனை பண்ணலாம்: குளுக்கோஸ் டியூபும் ஒரே அளவு நாலு சின்ன பாட்டிலும் போதும். மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பற ரிட்டர்ன் குழாயைக் கழட்டி ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஒரு பாட்டில், ஒரு நிமிஷம் ஸ்லோல ஓட விடுங்க. மூணு சமமா இருந்து ஒண்ணு மட்டும் ரெண்டு, மூணு மடங்கு நிறைஞ்சா அது தேய்ஞ்சது. ஆனா நாலும் சமமா வந்தா நாலும் நல்லதுன்னு எடுத்துக்க முடியாது. நாசில் நுனி சொட்டறது இதுல தெரியாது, தட்டற சத்தத்துக்கு அதுதான் முக்கியக் காரணம். கோவை, ஈரோட்டுல டெஸ்ட் பெஞ்ச் வெச்சிருக்கற டீசல் பட்டறையில அந்த ஒண்ணை மட்டும் கொடுத்துப் பாருங்க. திருப்பி மாட்டும்போது செப்பு வாஷர் புதுசு போடணும். இன்ஜெக்டரை மாத்தினாலோ சிலிண்டர் இடம் மாத்தினாலோ அதோட குறியீட்டு எண்ணை ஸ்கேனர்ல ஏத்தணும். ஏத்தாம விட்டா நல்ல இன்ஜெக்டரே தட்டும்.

ராடு மேல சந்தேகம்னா, ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழட்டிட்டு அந்த இடத்துல மெக்கானிக்கல் கேஜ் மாட்டுங்க. டேஷ்போர்டு லைட்டை நம்பாதீங்க. அது பொதுவா அரை பாருக்கும் கீழ போனாத்தான் எரியும், அதுக்குள்ள பேரிங் பாதி போயிருக்கும். நல்லா சூடான என்ஜின்ல 1,000 ஆர்.பி.எம்.முக்கு 0.7 பார் வீதம் ஏறணும்கறது பட்டறைக் கணக்கு. 2,000-ல 1.4 பாருக்குக் கீழ நின்னா சம்ப்பைக் கழட்டுங்க. கம்பெனி மேனுவல்ல உங்க என்ஜினுக்குத் தனி எண் இருந்தா அதுதான் கணக்கு.

ஆயிலை வெள்ளைத் துணியில வடிகட்டுங்க, பழைய ஃபில்டரை வெட்டி உள்தாளைப் பிரிச்சு வெயில்ல பிடிங்க. கருப்பு மசி சாதாரணம். மீன் செதில் மாதிரி மினுக்கற துகள் இருந்து, காந்தத்துல ஒட்டலைன்னா அது பேரிங் உலோகம். சம்ப் இறங்கின பிறகு ஒவ்வொரு ராடையும் கையால மேலயும் கீழயும் அசைங்க. பக்கவாட்டுல கொஞ்சம் ஆடறது இயல்பு, மேலகீழ ஆட்டம் துளியும் இருக்கக்கூடாது. ராடோட கீழ்மூடியான கேப்பைக் கழட்டினா நல்ல ஷெல் (பேரிங்கோட அரைவட்டத் தகடு) மங்கின சாம்பல் நிறத்துல ஒரே சீரா இருக்கும். போனது வழிச்செடுத்த மாதிரி பளபளன்னு, பல ஷெல்லுல அடியில இருக்கற செப்பு நிறம் திட்டுத்திட்டா வெளிய தெரியும். கேப், ராடு ரெண்டுலயும் எண் அடிச்சிருக்கான்னு பார்த்துட்டுக் கழட்டுங்க. இல்லைன்னா நீங்களே குறி போட்டுக்கங்க. இடம் மாறினா அந்த ராடு பிறகு வட்டமா உட்காராது.

கிராங்க் ஜர்னலை (பேரிங் உட்கார்ற உருண்டைப் பகுதி) மைக்ரோமீட்டர்ல குறுக்கயும் நெடுக்கயும் அளக்கணும். ஜர்னலுக்கும் ஷெல்லுக்கும் உள்ள இடைவெளிக்கு பிளாஸ்டிகேஜ் இழை (நசுங்கின அகலத்தை வெச்சு இடைவெளி காட்டற இழை) வெச்சு, கேப்பை டார்க் (கம்பெனி சொன்ன முறுக்கு அளவு) போட்டு முறுக்கிக் கழட்டிப் பார்க்கலாம். ஜர்னல் விட்டத்துல ஆயிரத்துல ஒரு பங்குங்கறது வழக்கக் கணக்கு; 55 மி.மீ. ஜர்னலுக்கு 0.05, 0.06 மி.மீ. புது ஷெல் வெச்சு அளந்தும் அது 0.10-ஐத் தாண்டிட்டா ஷெல் மட்டும் போட்டுக் காசை வீணாக்காதீங்க. ஜர்னல்ல நகம் மாட்டற கீறல் இருந்தாலும் அப்படித்தான். கிராங்கை 0.25 அல்லது 0.50 மி.மீ. அண்டர்சைஸ் (விட்டத்தைக் குறைச்சு) வெட்டணும். வெட்டறதுக்கு முன்னாடி உங்க கிராங்க் நைட்ரைடிங் (மேல்தோலைக் கடினப்படுத்தறது) பண்ணினதான்னு விசாரிங்க. அந்தத் தோலை வெட்டி எடுத்துட்டு மறுபடி கடினப்படுத்தாம மாட்டினா சீக்கிரமே பழைய சத்தம் வந்துரும். ஆயில் துளை எல்லாத்துலயும் டீசலும் காத்தும் அடிச்சு, ஆயில் கூலரையும் கழுவணும். கிரைண்டிங் தூள் ஒரு சிட்டிகை உள்ள இருந்தாலும் புது ஷெல்லைக் கீறிரும். ராடு போல்ட் புதுசு. இதுல சிக்கனம் பார்க்காதீங்க.

வேகத்தடை சத்தத்துக்கு வருவோம். காலியா போனாக் கேட்டு, லோடு ஏத்தினா அடங்கினா ஷேக்கில் (பட்டை முனையை சேஸிஸோட இணைக்கற தொங்கல்) புஷ், ஷாக் அப்சார்பர் புஷ், பாடி கிளாம்ப் இந்த மூணுதான் பெரும்பாலும். காலி வண்டியில எல்லாம் ஆடும், லோடு விழுந்தா அழுத்திப் பிடிச்சுக்கும்.

ரெண்டு பேரைப் பின்பக்கப் படியில ஏறிக் குதிக்கச் சொல்லுங்க. நீங்க ஷேக்கில் மேல உள்ளங்கையை வைங்க, விரலைப் பட்டைக்கு நடுவுல விடாதீங்க. அடிக்கற இடம் கையில தெரியும். ஷாக்கோட அடிபோல்ட்டைக் கழட்டித் தொங்கவிட்டு மெதுவா ஒரு தடவை வேகத்தடை ஏறி இறங்கினா, சத்தம் ஷாக்கோடதா இல்லையான்னு ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுரும். புது ரப்பர் புஷ் மாட்டினா போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்கறது வண்டி நாலு சக்கரத்துலயும் தரையில நிக்கறப்பத்தான். ஜாக்கியில தொங்கறப்ப முறுக்கினா, இறக்கினதும் ரப்பர் திருகியே நிக்கும், கொஞ்ச நாள்ல கிழிஞ்சுரும். புஷ் தரமில்லைன்னு கடைக்காரர்கிட்டச் சண்டை போடற பல பேருக்கு உண்மையான காரணம் இதுதான்.

யூ போல்ட் (பட்டையை ஆக்ஸிலோட கட்டற போல்ட்) லூஸா இருந்தா பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல செம்மண் தூவின மாதிரி துருப்பொடி தெரியும். அப்ப பட்டைகளை நடுவுல கோத்திருக்கற சென்டர் போல்ட்டையும் சந்தேகப்படுங்க, அது உடைஞ்சா ஆக்ஸில் நகரும். முன் ஹப் நடுவுல இருந்து பின் ஹப் நடு வரைக்கும் ரெண்டு பக்கமும் நூல் பிடிச்சு அளங்க; ஸ்டியரிங் நேரா இருக்கணும். 5 மி.மீ.க்கு மேல வித்தியாசம் வந்தா பட்டைக் கட்டைப் பிரிச்சே ஆகணும். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீங்க, இழை ஏற்கனவே நீண்டிருக்கும். நாலு நட்டையும் குறுக்குக் குறுக்கா கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க. லோடோட 500 கி.மீ. ஓடினதும் மறுபடி முறுக்கணும்.

பாடி. நாமக்கல், கரூர்ப் பக்கம் கட்டின பாடியானாலும் கம்பெனி பாடியானாலும், சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு கட்டையோ ரப்பரோ இருக்கும். நம்ம ஊர் வெயிலுக்குக் கட்டை காஞ்சு சுருங்கும், கிளாம்ப் லூஸாகும். சேஸிஸ் மேல பெயின்ட் தேய்ஞ்சு பளபளன்னு இருக்கற இடத்துலதான் அடி. பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரை 8, 10 மி.மீ. கனத்துல நறுக்கி வெச்சு கிளாம்ப்பை முறுக்குங்க. பாடியை சேஸிஸோட வெல்டு மட்டும் வைக்காதீங்க, அந்த இடத்துலதான் சேஸிஸ் விரியும். ஸ்டெப்னி சங்கிலியையும் பின் கதவுக் கொண்டியையும் ஒரு தடவை ஆட்டிப் பாருங்க.

கிளட்ச் விடறப்ப வர்ற ‘கட்’. முன் சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை போட்டு, நியூட்ரல்ல, ஹேண்ட் பிரேக் எடுத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டுல நிறுத்துங்க. ஜாக்கியை நம்பிக் கீழ போகவே கூடாது, ஹாலோ பிளாக்கும் வேண்டாம், நொறுங்கிரும். ஷாப்ட்டை ரெண்டு கையால பிடிச்சு வலதும் இடதும் திருகுங்க, மேலயும் கீழயும் தள்ளுங்க. கிராஸ்ல கண்ணுக்குத் தெரியற ஆட்டம் எதுவும் இருக்கக்கூடாது. கப் ஓரத்துல சிவப்புத் துருப்பொடி கசிஞ்சிருந்தா உள்ள கிரீஸ் வத்தி ஊசி பேரிங் காஞ்சுபோச்சு. கழட்டினா கிராஸ் காம்புல சீப்பு இழுத்த மாதிரி வரிவரியாக் கோடு இருக்கும், நகத்தால தடவினா தட்டுப்படும்.

கழட்டறதுக்கு முன்னாடி ரெண்டு பக்க யோக்குலயும் (கிராஸைப் பிடிக்கற கவை), ஸ்லிப் ஜாயின்ட்லயும் (ஷாப்ட் நீண்டு சுருங்கற இணைப்பு), ஹவுசிங் பிளேஞ்சுலயும் பெயின்ட்ல கோடு போட்டுக்கங்க. ஒரு பல் மாறி மாட்டினாக்கூட சத்தம் போய் அதிர்வு வந்துரும், அப்புறம் சென்டர் பேரிங்கும் போகும். புதுக் கப்பை அழுத்தறப்ப ஒரு ஊசி சரிஞ்சு அடியில விழுந்தாலும் சர்க்கிளிப் பள்ளத்துல உட்காராது; அடிச்சு ஏத்தாதீங்க, கழட்டி ஊசியை நிமிர்த்துங்க. மாட்டின பிறகு கிராஸ் விரலால தள்ளினா இறுக்கமா, ஆனா சீரா அசையணும். கிரீஸ் நாலு கப் ஓரத்துலயும் எட்டிப் பார்க்கற வரைக்கும் அடிங்க. கிராஸ் நல்லா இருந்து, வண்டி நின்னு கிளம்பறப்ப மட்டும் ‘கட்’னா ஸ்லிப் ஜாயின்ட் ஸ்ப்ளைன் (உள்ள இருக்கற நீளப் பல் வரி) காஞ்சிருக்கும், அதுக்கும் கிரீஸ்தான். அடுத்தது கியர்பாக்ஸ் மவுண்ட். ஹவுசிங் கடைசி: ஆயிலை வடிச்சு வடிகால் போல்ட்டோட காந்தத்தைப் பாருங்க. மசி மாதிரி பொடி இருக்கும், துண்டா உலோகம் இருந்தாத்தான் கிரவுன் பினியனைத் திறக்கணும்.

முன்பக்கம் பெரிசா வேலை இல்லைங்க. என்ஜின் ஓட, சக்கரம் தரையில இருக்க, ஒருத்தர் ஸ்டியரிங்கை வலதும் இடதும் ரெண்டு விரல் அளவு ஆட்டட்டும். இன்னொருத்தர் டை ராடு எண்டு ஒவ்வொண்ணையும் தொட்டுப் பார்த்தா ஆட்டம் தெரியும். வேகத்தடையில இறங்கறப்ப பிரேக்கை லேசா மிதிச்சதும் சத்தம் நின்னா ஆடறது பிரேக் காலிப்பரைத் தாங்கற பின் கம்பி.

இந்த வாரத்துல ஷாப்ட்டையும் பட்டையையும் பார்த்துருங்க, அதுக்கு அரை நாள் போதும். என்ஜினுக்கு மூணு தகவல் எழுதுங்க: நல்லா சூடானப்ப ஸ்லோலயும் 2,000-லயும் கேஜ் காட்டின ஆயில் பிரஷர், எந்த சிலிண்டரை நிறுத்தினா சத்தம் குறைஞ்சது, வெட்டின ஃபில்டர்ல காந்தத்துல ஒட்டாத துகள் இருந்ததா. அதை வெச்சு சம்ப் இறக்கணுமா, ஒரு இன்ஜெக்டரோட போகுமான்னு சொல்லிரலாம். அதுவரைக்கும் திம்பம் லோடு எடுக்காதீங்க. 27 கொண்டை ஊசி வளைவுல சின்ன கியர்ல ஏறறப்ப, தேய்ஞ்ச பேரிங்கா இருந்தா அது தாங்காது.